ஆறும் ஆலையும் – 9: பாலத்துக்கு முன்பே பிறந்த ஊர்

இங்கிலாந்தின் வடமேற்கில், லிவர்ப்பூலிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கிழக்கே, மெர்சி ஆறு ஓரிடத்தில் ஒடுங்குகிறது. அதற்கு மேலேயும் கீழேயும் சேறும் மணல்திட்டுமாகப் பரந்து கிடக்கிற ஆறு அது. தென்கரையில் ரன்கார்ன் ஊரின் மணற்பாறை முன்னே வந்து நிற்கிறது. வடகரையில் விட்னஸின் தாழ்நிலம் அதை நோக்கி நீள்கிறது. நானூறு மீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளிக்கு ‘ரன்கார்ன் இடுக்கு’ என்று பெயர். இன்று அங்கே ஒரு இரயில் பாலமும் ஒரு சாலைப் பாலமும் அருகருகே நிற்கின்றன; சற்றுக் கிழக்கே, ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் இன்னொரு சாலைப் பாலமும் இருக்கிறது. இந்தக் காட்சியைப் பார்க்கிற எவருக்கும் விட்னஸின் வரலாறு தானாகவே விளங்கிவிட்டதாகத் தோன்றும்: ஆறு குறுகிய இடத்தில் மனிதர்கள் கடந்தார்கள், கடந்த இடத்தில் சந்தை கூடியது, சந்தை ஊரானது, ஊரில் ஆலை வந்தது. ஆற்றங்கரை நகரங்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் இந்த விளக்கம் விட்னஸுக்குப் பொருந்தாது. அந்த ஊர் உருவானபோது அங்கே பாலமே இல்லை. பாலம் வந்த பிறகு, அந்த ஊரை உருவாக்கிய தொழில் சில ஆண்டுகளிலேயே வேறிடத்தில் வேர்விடத் தொடங்கியது. விட்னஸைப் பெற்றெடுத்தது ஆற்றைக் கடந்த வழியல்ல, ஆற்றோடு வந்து நின்ற சரக்கு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

கடவையால் பிறந்த ஊர் எப்படியிருக்கும் என்பதற்கு அதே மெர்சியில், சில மைல் கிழக்கே, வாரிங்டன் இருக்கிறது. ரோமானியர் காலத்திலேயே அதன் அருகே வில்டர்ஸ்பூலில் குடியிருப்பும் பட்டறைகளும் இருந்தன. இடைக்காலத்தில் பாலம் எழுந்தது. கடலிலிருந்து வருபவர் மெர்சியைப் பாலத்தின் வழியாகக் கடக்கக்கூடிய முதல் இடமாகப் பல நூற்றாண்டுகள் அதுவே இருந்தது. 1495இல் ஏழாம் ஹென்றி மன்னரின் வருகையை ஒட்டி டெர்பி பிரபு அங்கே கல்பாலம் கட்டினார். 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் படைகள் அந்தப் பாலத்துக்காக மோதின. சந்தையும் சத்திரமும் தேவாலயமும் பாலத்தை நோக்கியே அமைந்தன. கம்பி, சோப்பு, கண்ணாடித் தொழில்கள் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த ஊருக்குள் வந்து சேர்ந்தவை. விட்னஸில் இந்த வரிசை எதுவும் கிடையாது. 1801 கணக்கெடுப்பின்போது அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்களும் ஆற்றங்கரையில் குவிந்திருக்கவில்லை. ஃபார்ன்வொர்த், ஆப்பிள்டன் போன்ற மேட்டுநிலச் சிற்றூர்களில் உழுதுகொண்டும், கைக்கடிகாரத் தொழிலுக்கான நுண்கருவிகளை வீட்டுப் பட்டறைகளில் அரத்தால் தேய்த்துச் செய்துகொண்டும், பாய்மரத் துணி நெய்துகொண்டும் இருந்தார்கள். இடுக்கின் வடகரை வெறும் சதுப்பு. மனிதர் கடந்ததால்தான் ஊர் உருவானது என்றால், ஆறு மிக நெருங்கிய அந்தக் கரை ஏன் அத்தனை நூற்றாண்டு வெறுமையாகக் கிடந்தது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எளிதாகத் தள்ளிவிடக்கூடிய மறுப்பும் அல்ல. 915இல் மெர்சியா நாட்டை ஆண்ட அரசி ஏதல்ஃப்ளெட் ரன்கார்ன் பாறையில் கோட்டை ஒன்றை எழுப்பினார் என்று பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. 12ஆம் நூற்றாண்டிலிருந்தே இடுக்கில் படகுத்துறை இயங்கியதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்படியானால் கடவையின் முக்கியத்துவம் ஆயிரம் ஆண்டுப் பழமையானது அல்லவா? கோட்டையின் திசையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மெர்சி அப்போது எல்லை ஆறு; அதன் வடக்கே நார்தம்பிரியா, கடல்வழியே வைக்கிங் படகுகள். பாறைமேல் நின்ற காவல், ஆற்றின் வழியே உள்ளே நுழைபவரைத் தடுக்கவும் எதிர்க்கரையைக் கண்காணிக்கவும் நின்றது. குறுகிய இடம் அடைப்பதற்கும் வசதியானது என்பதை இடுக்கின் முதல் பயன்பாடே காட்டுகிறது. படகுத்துறையைப் பொறுத்தவரை, அது இருந்தது உண்மை. ஆனால் ஏற்றவற்றத்தால் நீர்மட்டம் பெரிதும் மாறுகிற, வேகமான நீரோட்டமும் இடம்பெயரும் மணலும் உள்ள துறை அது. பார வண்டிகளும் மந்தைகளும் வாரிங்டன் பாலத்தைச் சுற்றிக்கொண்டே போயின. தாமஸ் டெல்ஃபோர்ட் 1814 வாக்கில் ஆயிரம் அடி நீளமுள்ள நடுக்கண்ணுடன் இந்த இடுக்கின்மேல் ஒரு தொங்கு பாலத்தை வடிவமைத்தார். பணம் திரளாததால் அது தாளோடு நின்றது. அதற்காக இரும்பை அவர் சோதித்துக் கற்றது, பின்னர் மெனாய் நீரிணைப் பாலத்துக்குப் பயன்பட்டது. பாலத்துக்குப் பணம் போட ஆளில்லாத அந்த இடத்தில் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கால்வாய்க்கும் இரயிலுக்கும் கப்பல்துறைக்கும் பணம் வந்தது. எதற்குப் பணம் வந்தது, எதற்கு வரவில்லை என்பதே ஓரிடத்தின் தேவையைக் காட்டும் நேர்மையான சான்று.

1833ஆம் ஆண்டு விட்னஸின் பிறந்த ஆண்டு என்று சொல்லலாம். வடக்கே செயின்ட் ஹெலன்ஸ் நிலக்கரி வயலிலிருந்து சாங்கி கால்வாய் 1757 முதலே இயங்கிவந்தது. 1762இல் ஃபிட்லர்ஸ் ஃபெரி வரை நீண்டது. ஆனால் அங்கே ஆற்றில் நீர் போதாத வேளைகளில் படகுகள் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. ‘செயின்ட் ஹெலன்ஸ் – ரன்கார்ன் இடுக்கு இரயில்வே’ என்ற போட்டி நிறுவனம் எழுந்ததும் கால்வாய்க்காரர்கள் விழித்துக்கொண்டு தங்கள் வாய்க்காலை இடுக்கு வரை கொண்டுவந்தார்கள். இரண்டும் அந்த ஒரே ஆண்டில், அருகருகே, ஆற்றங்கரையில் வந்து முடிந்தன. இரயில் பெட்டியிலிருந்து கப்பலுக்கு நேரடியாகச் சரக்கு மாற்றும் துறை உலகிலேயே முதன்முதலாக இங்கேதான் கட்டப்பட்டது என்று சொல்வதுண்டு. இரயில்வேயின் பெயரிலேயே இடுக்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அந்தத் தண்டவாளம் ஆற்றைத் தாண்டவில்லை. தாண்டும் எண்ணமும் அதற்கு இல்லை. தென்கரையிலும் இதே கதை. பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் மான்செஸ்டரிலிருந்து வந்து 1776இல் ரன்கார்னில் பத்து மதகுகள் வழியாக ஆற்றில் இறங்கியது. செஷயர் உப்பு வீவர் ஆற்றின் வழியே வெஸ்டன் பாயின்ட்டுக்கு வந்தது. இரு கரைகளிலும் எல்லா வழியும் ஆற்றில் இறங்குவதற்காகவே வந்தன.

சரக்கு நின்ற இடத்தில் கிடங்குதானே எழும், ஆலை ஏன் எழுந்தது? இதை அறிய லெபிளாங்க் முறையை அறிய வேண்டும். பிரெஞ்சுக்காரரான நிக்கோலா லெபிளாங்க் 1791இல் காப்புரிமை பெற்ற இந்த முறையில், சாதாரண உப்பைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் சோடியம் சல்பேட் கிடைக்கும். அதைச் சுண்ணாம்புக்கல்லோடும் நிலக்கரியோடும் உலையில் சுட்டால் கரிய சாம்பல் கிடைக்கும். அதை நீரில் ஊறவைத்து வடித்தால் சோடா. துணி வெளுக்க, சோப்புக் காய்ச்ச, கண்ணாடி உருக்க என்று லங்காஷயரின் எல்லாத் தொழிலுக்கும் அந்தச் சோடா வேண்டும். 1825இல் உப்பு வரி முற்றாக நீங்கியதும் இந்தத் தொழில் இங்கிலாந்தில் வேகமெடுத்தது. ஒரு டன் சோடாவுக்கு ஒரு டன்னைத் தாண்டிய உப்பு வேண்டும். உலைகளுக்கும் கொதிகலன்களுக்குமாக நிலக்கரி அதைவிடப் பலமடங்கு வேண்டும். போதாததற்குச் சுண்ணாம்புக்கல், கந்தகம் தரும் பைரைட் தாது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையிலிருந்து வரவேண்டியவை. உப்பு ஆற்றின் தெற்கே, கரி வடக்கே, சுண்ணாம்புக்கல் வேல்ஸ் கரையிலிருந்து கப்பலில், பைரைட் அயர்லாந்திலிருந்தும் பின்னர் ஸ்பெயினிலிருந்தும். செய்த சோடா போகவேண்டியதோ லிவர்ப்பூல் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கு. எந்தச் சரக்கு அதிக எடையோ அது வருகிற கரையில்தான் உலை அமைப்பது லாபம். அதனால்தான் ஆலைகள் பெரும்பாலும் நிலக்கரி வந்து இறங்கிய வடகரையில், விட்னஸில் மண்டின. ரன்கார்னிலும் சோப்பும் சோடாவும் செய்தார்கள். ஆனால் பழைய ஊரான ரன்கார்னை நேற்று வரை பெயரில்லாமல் கிடந்த எதிர்க்கரைச் சதுப்பு முந்திக்கொண்டதற்கு இந்த எடைக் கணக்கே காரணம். உப்பு படகில் ஆற்றைக் கடந்தது என்பது உண்மைதான். அதற்குப் பாலம் தேவைப்படவில்லை.

1847இல் ஜான் ஹட்சின்சன் தன் முதல் ஆலையை எழுப்பிய இடத்தை வரைபடத்தில் பார்த்தாலே போதும். ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் இரயில் பாதை, முன்னால் ஆறு. மூன்றுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துண்டு. ‘ஸ்பைக் தீவு’ என்று பின்னாளில் பெயர் பெற்ற இடம் அது. அப்போது அவருக்கு வயது 22. அவரிடம் மேலாளராக வந்த ஹென்றி டீக்கன் விரைவிலேயே தனி ஆலை தொடங்கி, பிறகு ஹோல்புரூக் காஸ்கெல்லோடு கூட்டுச் சேர்ந்தார். வில்லியம் காசேஜ் 1850களில் இங்கே மலிவான சோப்பு செய்து பெயர் பெற்றார். ஹட்சின்சன் சதுப்பு நிலத்தை வாங்கி மற்ற ஆலைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்; கப்பல்துறை கட்டினார்; 1865இல் நாற்பது வயதில் இறந்துபோனார். அதே 1865இல் விட்னஸுக்கு நகர நிர்வாக வாரியம் அமைந்தது. அயர்லாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வந்தவர்கள், பின்னர் லித்துவேனியரும் போலந்துக்காரரும், ஆலைச் சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில் குடியேறினார்கள். அந்தப் பிற்காலக் குடியேற்றத்தைத் தவிர, இந்தப் பத்தியில் வந்த எதுவும் நடந்தபோது இடுக்கின்மேல் பாலம் கிடையாது.

இங்கே இன்னொரு கேள்வி எழும். சரக்கு சந்திக்கும் இடம்தான் தேவை என்றால் லிவர்ப்பூலே போதுமே, அங்கே கப்பல்துறையும் பணமும் இருந்தனவே? தொடங்கியது அங்கேதான். ஜேம்ஸ் மஸ்ப்ராட் 1820களில் லிவர்ப்பூலில் லெபிளாங்க் ஆலை நடத்தினார். உப்பும் அமிலமும் சேரும்போது வெளிவரும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை அவர் உயர்ந்த புகைபோக்கி வழியாக வானில் விட்டார். அது சுற்றுவட்டாரத்து மரங்களைக் கருக்கியது, பூட்டையும் ஆணியையும் அரித்தது. 1838இல் நகராட்சி வழக்குத் தொடுத்து வென்றது. நியூட்டனில் நடத்திய ஆலையும் நிலக்கிழார்களின் வழக்குகளால் மூடப்பட்டது. 1852இல் மஸ்ப்ராட் குடும்பத்தின் ஆலை விட்னஸுக்கு வந்தது. விட்னஸ் சதுப்பில் வழக்குப் போட மாளிகைக்காரர் எவரும் இல்லை. ஆலைக்காரரே நிலத்துக்காரர், குடியிருந்தவர்களோ கூலிக்காரர்கள். வெறுமையாகக் கிடந்த நிலம் என்பது இந்தத் தொழிலுக்குக் கரியைப் போல, உப்பைப் போல ஒரு மூலப்பொருளாகவே இருந்தது. 1863இல் வந்த ஆல்கலி சட்டம் அந்த வாயுவில் நூற்றுக்கு 95 பங்கை நீரில் கரைத்துப் பிடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. கோக் கரி நிரப்பிய கோபுரத்தில் நீர் வழியவிட்டு வாயுவைப் பிடிக்கும் முறையைக் காசேஜ் 1836இலேயே கண்டுபிடித்திருந்தார். சட்டம் நல்லது செய்தது. ஆனால் பிடித்த அமிலத்தைக் காசாக்க அதிலிருந்து குளோரின் எடுத்தார்கள், குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பிளீச்சிங் பவுடர் செய்தார்கள். வானில் போன நஞ்சு ஆலைக்குள் திரும்பிவந்தது.

அதைச் சுமந்தவர்கள் பவுடரைப் பீப்பாயில் அடைக்கும் தொழிலாளர்கள். ஈயம் வேய்ந்த அறையின் தரையில் சுண்ணாம்பைப் பரப்பி, நாள்கணக்கில் குளோரினைச் செலுத்தியபின், வாயு முழுதும் அடங்காத அந்த அறைக்குள் மண்வெட்டியோடு போவது அவர்கள் வேலை. ஈரம் தோய்ந்த ஃபிளானல் துணியைப் பல மடிப்பாக வாயிலும் மூக்கிலும் இறுக்கிக் கட்டி, கண்ணாடி அணிந்து, முகத்தில் கொழுப்புத் தடவி, கால்களில் காகிதம் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். துணி நழுவினால் மூச்சு நின்றுபோகும். சோடியம் சல்பேட் உலையருகே நின்றவர்களின் பற்களை அமில ஆவி கரைத்தது. ராபர்ட் ஷெரார்ட் 1897இல் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வெள்ளை அடிமைகள் என்று பெயரிட்டவர்களில் இந்த ஆல்கலித் தொழிலாளர்களும் உண்டு. ஊரின் பிறப்பை ஆற்றின் குறுகலுக்கும் பாலத்தின் அழகுக்கும் எழுதிவைக்கும் கதையில் இவர்களுக்கு இடமே இல்லாமல் போகிறது. அந்தக் கதையை நான் ஏற்க மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி, எதிர்வாதத்தின் வலுவான பகுதிக்கு வருவோம். 1868இல் இரயில் பாலம் கட்டி முடிந்தது. 1869இல் பயணிகள் வண்டிகள் ஓடின. ஒவ்வொன்றும் 305 அடி நீளமுள்ள மூன்று இரும்புக் கண்கள், உயர்நீர் மட்டத்துக்கு மேலே 75 அடி உயரம். பொறியாளர் வில்லியம் பேக்கர். ஏதல்ஃப்ளெட்டின் கோட்டை நின்றதாகக் கருதப்படும் பாறையிலேயே அதன் தென்புறத் தூண் ஊன்றியது. கோட்டையை நினைவூட்டக் கொத்தளம் போன்ற கோபுரங்களும் வைத்தார்கள். 1871இலிருந்து 1891 வரை விட்னஸின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு மடங்காகி முப்பதாயிரத்தைத் தொட்டது. பாலம் வந்தது, ஊர் பெருத்தது, பிறகென்ன? முதலாவது, பாலம் வருவதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஊர் வளர்ந்த வேகம் அதைவிட அதிகம். இரண்டாவது, அந்தப் பாலத்தின் நோக்கம் லிவர்ப்பூல் – லண்டன் தூரத்தைக் குறைப்பது. பாலத்தின் உயரத்துக்கு ஏறவேண்டி, இருப்புப்பாதை நீண்ட வளைவு வரிசையின்மேல் விட்னஸ் கூரைகளைத் தாண்டிச் சென்றது. ஓரமாக நடைபாதை ஒன்று இருந்தது, அதற்கும் காசு.

மூன்றாவது பதில்தான் எனக்குத் தீர்ப்பாகத் தெரிகிறது. ஜான் பிரன்னர் ஹட்சின்சன் ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். லுட்விக் மோண்ட் அதே ஆலையில் கழிவிலிருந்து கந்தகத்தை மீட்கும் முறையைச் செயல்படுத்தியவர். இருவரும் விட்னஸின் ஒவ்வொரு தண்டவாளத்தையும் துறையையும் அறிந்தவர்கள். அவர்கள் சொந்தமாக ஆலை தொடங்க முடிவெடுத்தபோது பாலம் திறந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்கள் விட்னஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1873இல் தெற்கே, நார்த்விச் அருகே உள்ள வின்னிங்டனுக்குப் போனார்கள். அவர்கள் கையிலிருந்தது பெல்ஜியத்தின் எர்னெஸ்ட் சால்வே கண்ட அம்மோனியா முறை. அதற்குக் கந்தக அமிலம் வேண்டாம், கரியும் குறைவு. நிலத்தடி உப்புநீர்தான் பிரதானம். சரக்கின் எடைக் கணக்கு மாறியது, ஆலை உப்பை நோக்கி நகர்ந்தது. விட்னஸ் ஆலைகள் பிளீச்சிங் பவுடர் விற்ற காசில் சில காலம் தாக்குப்பிடித்தன. 1890இல் நாற்பதுக்கும் மேற்பட்ட லெபிளாங்க் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து யுனைடெட் ஆல்கலி கம்பெனி ஆயின; அது வலிமையால் வந்த கூட்டல்ல, தற்காப்பு. 1901 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சற்றுக் குறைந்தது. ஆற்றின் குறுகலும் அதன்மேல் நின்ற பாலமும் இருந்தபடியே இருந்தன.

1905இல் வந்த டிரான்ஸ்போர்ட்டர் பாலத்தைக் காட்டி வாதிப்பவர்களும் உண்டு. அவர்களோடு ஓரளவு ஒத்துப்போகிறேன். இரு கரையிலும் உயர்ந்த கோபுரங்கள், நடுவே ஆயிரம் அடி, அதில் தொங்கியபடி ஓடும் ஒரு பெட்டி; உலகில் கட்டப்பட்ட இவ்வகைப் பாலங்களில் இதுவே மிக நீளமானது. இரண்டு குதிரை பூட்டிய நான்கு வண்டிகளும் முந்நூறு பேரும் ஏறலாம், கடக்க இரண்டரை நிமிடம் போதும். திறந்துவைத்தவர் அதே ஜான் பிரன்னர்; கட்டும் செலவுக்குப் பிணை நின்றவர்களில் அவரும் ஒருவர். அதுவரை படகையும் இரயில் பால நடைபாதையையும் நம்பியிருந்த தொழிலாளிக்கு அந்தப் பெட்டி பெரிய விடுதலை. இரண்டு ஊர்களின் திருமணங்களையும் கால்பந்துப் போட்டிகளையும் கடைவீதியையும் அது இணைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதைக் கட்டிய கம்பெனிக்கு அதில் லாபம் வரவில்லை. 1911இல் விட்னஸ் நகராட்சியே அதை வாங்கி நடத்தியது. அறுபது ஆண்டு வயதான ஆலை நகரம் தன் மக்களின் வசதிக்காகக் கடவையை விலைகொடுத்து வாங்கியது. ஊர்தான் கடவையை வளர்த்தது. காற்று பலமாக வீசினால் பெட்டி நிற்கும், மோட்டார் வண்டிகள் பெருகியபின் வரிசை நீளும். 1961 ஜூலையில் எஃகு வளைவுச் சாலைப் பாலம் திறந்ததும் டிரான்ஸ்போர்ட்டரைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆறு 1974 வரை லங்காஷயருக்கும் செஷயருக்கும் மாவட்ட எல்லையாகவே இருந்தது. அந்த ஆண்டில்தான் இரு ஊர்களும் ஹால்டன் என்ற ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. விட்னஸ் உண்மையிலேயே கடவை ஊரானது இந்தக் காலத்தில்தான், லெபிளாங்க் ஆலைகள் ஓய்ந்த பிறகு.

லெபிளாங்க் காலம் விட்டுச்சென்ற சொத்து இன்னும் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஒவ்வொரு டன் சோடாவும் ஒன்றரை டன்னுக்கு மேல் கழிவை விட்டுச்சென்றது. ‘காலிகு’ என்று ஊரார் அழைத்த அந்தக் கறுத்த சேறு, மழை பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தை எழுப்பும் ஹைட்ரஜன் சல்பைடைக் கக்கும். நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தை ஆலைக்காரர்கள் அதனால் மூடினார்கள். அதன்மேல் தெருக்களும் வீடுகளும் எழுந்தன. 2017 அக்டோபரில் திறந்த மெர்சி கேட்வே என்னும் கம்பித் தொங்கல் பாலத்துக்கு வடகரை அணுகுசாலை போட்டபோது, பொறியாளர்கள் ஆற்றின் நீரோட்டத்தோடு இந்த நச்சு நிலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஹட்சின்சனின் ஸ்பைக் தீவு இப்போது பூங்கா. பக்கத்தில் 1989 முதல் இரசாயனத் தொழிலுக்கான அருங்காட்சியகம் நடக்கிறது. பிரன்னரும் மோண்டும் தேடிப்போன வின்னிங்டனின் உப்புநீர்க் கிணறுகளையும், அவற்றால் நிலம் தாழ்ந்து வீடுகள் சாய்ந்த நார்த்விச்சையும் அடுத்த இதழில் பார்ப்போம்.